கணப்புச் சட்டி முக்காலியான ஊர்

கடை வாசலில் கிடந்த முக்காலியை வெயில் பக்கம் நகர்த்திப் போட்டு உட்காரலாம் என்று ஒரு கையால் இழுத்தேன். அசையவில்லை. இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். தரையில் கர்ரென்று ஓர் அங்குலம் நகர்ந்தது, அதோடு சரி. உள்ளேயிருந்து எட்டிப் பார்த்த கடைக்கார அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கூட வந்த நண்பர், "அண்ணே, அது மண்ணுண்ணே. பிளாஸ்டிக்னு நினைச்சு இழுக்கறீங்க" என்றார்.

மண்தான். முழங்கால் உயரம். தவிலை நிமிர்த்தி வைத்தாற்போல் நடுவில் பருத்து, மேலும் கீழும் ஒடுங்கிய உருவம். பக்கவாட்டில் கை நுழைகிற அளவுக்கு எதிரும் புதிருமாக இரண்டு துளை. கால் ஒன்றுகூடக் கிடையாது, ஆனாலும் முக்காலி என்றுதான் வாயில் வருகிறது. கருநீலத்தில் வெள்ளை இழைகள் வழிந்தோடும் பூச்சு. உட்கார்ந்தேன். நவம்பர் மாதக் குளிர் கால்சட்டையைத் தாண்டி ஏறியது. எழுந்துவிடலாமா என்று யோசிப்பதற்குள் உடம்புச் சூட்டை அது வாங்கிக்கொண்டுவிட்டது. பிறகு எழ மனம் வரவில்லை.

ஊர் ஷிகராக்கி. ஜப்பானின் ஷிகா மாநிலத்தில், கோக்கா நகராட்சிக்குள் அடங்கிய மலைப்பகுதி. அந்த நாட்டில் இடைக்காலத்திலிருந்து இன்றுவரை சூளை அணையாத ஆறு பழைய மட்பாண்ட ஊர்கள் என்று ஒரு கணக்கு உண்டு: செட்டோ, தொக்கோனாமே, எச்சிசென், தம்பா, பிசென், இந்த ஷிகராக்கி. 2017-ல் ஆறையும் சேர்த்து ஜப்பானின் மரபுச் செல்வம் என்று அரசு அறிவித்தது.

ஜப்பானிய மட்பாண்டம் என்றதும் எல்லாரும் தேநீர்க் கிண்ணத்தைத்தான் தூக்குவார்கள். கோணலான ஒரு கிண்ணத்தை இரு கையாலும் ஏந்தி, குறையிலே நிறைவு காண்பது பற்றி நாலு பக்கம் எழுதுவார்கள். கேட்டுக் கேட்டு எனக்குப் புளித்துவிட்டது. நான் பார்க்க வந்தது உட்காரும் மண்ணை, குளிக்கும் மண்ணை, குடை செருகி வைக்கும் மண்ணை. வீட்டுச் சாமானாக மாறிய மண் இந்த அளவுக்குப் பெரிதாக எப்படி வந்தது என்று தெரிந்துகொள்ள ஆசை.

கியோட்டோவில் காலையில் ரயில் ஏறி, குசாட்சுவில் ஒருமுறை, கிபுகாவாவில் இன்னொரு முறை மாறினோம். கிபுகாவாவில் நின்றது ஒற்றைப் பெட்டி டீசல் வண்டி. ஷிகராக்கி கோகென் ரயில்பாதை மொத்தமே 14.7 கிலோமீட்டர், ஆறே நிலையங்கள். கிபுகாவாவை விட்டால் அடுத்த நிலையத்துக்கே 9.6 கிலோமீட்டர் போக வேண்டும். அதுவரை ஏற்றம்தான். இஞ்சின் உறுமிக்கொண்டு ஏறுகிறது. இரண்டு பக்கமும் ஊசியிலை மரங்கள் சன்னலை உரசுகிறாற்போல நிற்கின்றன.

நண்பர் ஒசாக்காவில் பன்னிரண்டு வருடமாக வேலை பார்க்கிறவர். இந்தப் பாதையைப் பற்றி அவர்தான் சொன்னார். 1991-ல் ஷிகராக்கியில் உலக மட்பாண்ட விழா நடந்தது. இந்தச் சின்னப் பாதை அதுவரை கண்டிராத கூட்டம். மே 14 அன்று காலை, விழாவுக்குப் போகிற ஜனங்களை நிறைத்துக்கொண்டு கியோட்டோவிலிருந்து வந்த வண்டியும், ஷிகராக்கியிலிருந்து புறப்பட்ட வண்டியும் இந்த ஒற்றைத் தண்டவாளத்தில் நேருக்கு நேர் மோதின. 42 பேர் இறந்துபோனார்கள். 2013-ல் புயல் வெள்ளம் ஆற்றுப் பாலத்தை அடித்துக்கொண்டு போனபோது, இனி இந்த ரயில் ஓடாது என்றுதான் பலர் நினைத்தார்களாம். மறு வருடம் நவம்பரில் ஓட ஆரம்பித்துவிட்டது. அவர் சொல்லி முடித்ததும், வண்டியில் இருந்த ஏழெட்டுப் பேரையும் இன்னொரு முறை பார்த்துக்கொண்டேன்.

கிபுகாவாவுக்கு அடுத்த அந்த நிலையத்தின் பெயர், ஷிகராக்கி அரண்மனை இருந்த இடம் என்று பொருள்படும். ஷோமு பேரரசர் இந்த மலைக்குள் அரண்மனை கட்டிக்கொண்டு, 743-ல் இங்கிருந்தபடிதான் பெரிய புத்தர் சிலைக்கு ஆணை போட்டார். வேலையும் இங்கேயே தொடங்கியது. 745-ல் தலைநகரம் நாராவுக்கே திரும்பியது. சிலையும் அங்கே போய்விட்டது. நாராவில் இன்று ஜனங்கள் மானுக்கு பிஸ்கட் போட்டுவிட்டுப் பார்க்கிற அந்த வெண்கல புத்தர், கணக்குப்படி இந்த ஊருக்கு வந்திருக்க வேண்டியவர்.

ஷிகராக்கி நிலையத்தில் இறங்கினால் புத்தருக்குப் பதில் தனுக்கி வரவேற்கிறது. நாயும் கரடியும் கலந்தாற்போன்ற காட்டு விலங்கு. நம் கதைகளில் நரி மாதிரி, அவர்கள் கதைகளில் ஆளை ஏய்க்கிற வேலை இதற்கு. வெளியே ஆள் உயரத்தைப் போல மூன்று மடங்கில் ஒரு தனுக்கி. அதன் உடம்பிலேயே பொதுத் தொலைபேசி வைத்திருக்கிறார்கள். தொப்பி, உருட்டு விழி, தொந்தி, ஒரு கையில் மதுக் குடுவை, மறு கையில் கடன் கணக்குப் புத்தகம். தொந்திக்குக் கீழே தொங்குவதைப் பற்றிப் பத்திரிகையில் எழுதுவது சிரமம். அது பணப்பை, செல்வத்தின் அடையாளம் என்று கடைக்காரர்கள் முகம் மாறாமல் விளக்குகிறார்கள். 1951-ல் ஷோவா பேரரசர் இந்த ஊருக்கு வந்தபோது வழி நெடுகத் தனுக்கிகளின் கையில் கொடியைக் கொடுத்து வரிசையாக நிறுத்தினார்கள். அவர் ரசித்து ஒரு பாட்டும் எழுதினார். அன்றிலிருந்து நாடு முழுக்க உணவகத்து வாசல்களில் இதுதான். ஊர்த் தெருவில் நூற்றுக்கணக்கில் நிற்கின்றன. பத்தைப் பார்த்தால் சிரிப்பு வருகிறது. நூறைப் பார்த்தால் அலுப்பு வருகிறது.

முக்காலிக்கு வருகிறேன்.

இந்த மண்ணை ஆங்கிலத்தில் ஸ்டோன்வேர் என்பார்கள். தமிழில் அதற்குப் பழகிய சொல் இல்லை. பொருள் மட்டும் பரண்மேல் இருக்கிறது. பாட்டி காலத்து ஊறுகாய் ஜாடி, மேலே பழுப்பும் கீழே சந்தன நிறமுமாக இருக்குமே, அதுதான். மண்பானை தண்ணீரைக் கசியவிடும். அதனால்தான் தண்ணீர் குளிர்கிறது. நல்ல பீங்கான் வெளிச்சத்தைக் கசியவிடும். ஊறுகாய் ஜாடி இரண்டையும் விடாது. 1,200 டிகிரி செல்சியஸுக்கு மேல் சுடும்போது மண்ணுக்குள் இருக்கிற சில கனிமங்கள் உருகி, சந்து பொந்தையெல்லாம் அடைத்துக்கொள்ள, மண் ஏறக்குறைய கல்லாகிவிடுகிறது.

ஆனால் எல்லா மண்ணையும் இந்த அளவில் கட்டி எழுப்பிவிட முடியாது. பெரிய பாண்டம் காயும்போதே வெடிக்கும். காய்ந்து தப்பினால் சூளையில் வெடிக்கும். ஷிகராக்கி மண் தாங்குவதற்குக் காரணம் ஓர் ஏரி. பக்கத்திலிருக்கிற பிவா ஏரிக்கு வயது சுமார் 40 லட்சம் வருடம். முதலில் அது இன்றிருக்கும் இடத்தில் இல்லை. தெற்கே இகா பக்கம் தோன்றி, யுகக் கணக்கில் வடக்கே நகர்ந்திருக்கிறது. கருங்கல் மலைகள் கரைந்து அந்தப் பழைய ஏரியின் அடியில் படிந்ததுதான் இந்தக் களிமண். பட்டறைகளில் இரண்டு மண்ணின் பெயர் அடிக்கடி காதில் விழும். ஒன்று கிபுஷி, மரக்கணு என்று அர்த்தம், உள்ளே மக்கிய மரத்துண்டுகள் கிடப்பதால். இன்னொன்று கய்ரோமே, தவளைக் கண். ஈரமானதும் உள்ளிருக்கும் படிகக்கல் குருணைகள் தவளை விழித்துப் பார்ப்பது போல மின்னும். ஒரு பட்டறை முற்றத்தில் குவித்திருந்த தவளைக்கண் மண்ணில் கொஞ்சம் எடுத்து, குழாயடியில் நனைத்துப் பார்த்தேன். பெயர் வைத்தவன் நன்றாகப் பார்த்துத்தான் வைத்திருக்கிறான்.

குருணையாக இருப்பதுதான் இந்த மண்ணின் பலம். மாவு போன்ற மண் காயும்போது ஒட்டுமொத்தமாக இறுகி விரிசல் விடும். இதில் குருணைகளுக்கு இடையே ஈரம் வெளியேற வழி இருக்கிறது; சுவரை உயர்த்தும்போது உள்ளுக்குள் எலும்பு போல் தாங்குகிறது. ஆகவே இந்த ஊர் தொடக்கத்திலிருந்தே பெரிய சாமான் ஊர். 13-ஆம் நூற்றாண்டு வாக்கில் தொடங்கி விதை நெல் ஜாடி, தண்ணீர்த் தொட்டி, உழவர் வீட்டுச் சாமான்கள். பிற்பாடு உஜி ஊர்த் தேயிலையை ஷோகன் அரண்மனைக்குக் கொண்டுபோன ஜாடிகள். நடுவில் தேநீர்ச் சடங்குக்காரர்கள் இந்த உழவர் ஜாடிகளில் அழகைக் கண்டுபிடித்து விலையை ஏற்றிவிட்டார்கள். அந்தக் கதை இங்கே வேண்டாம். மெய்ஜி பேரரசர் காலத்தில் பட்டுக்கூடு வேகவைக்கிற சட்டிகள், ரயிலில் விற்ற தேநீருக்குக் கைக்கு அடக்கமான மண் கெட்டில்கள். இரண்டாம் உலகப் போரில் இரும்பு தீர்ந்தபோது கையெறி குண்டுக்கு மண் உறை செய்ததும் இதே ஊர்தான்.

இவை எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டது ஹிபாச்சி. நம் ஊர் கணப்புச் சட்டி. இடுப்பளவு அகலத்தில் ஒரு மண் தொட்டி. அதில் முக்கால்வாசி சாம்பல், மேலே நாலு கரித்துண்டு. குளிர்காலத்தில் குடும்பமே அதைச் சுற்றிக் கையை நீட்டிக்கொண்டு உட்காரும். மேலே ஒரு கெட்டில் கொதித்துக்கொண்டிருக்கும். போருக்குப் பிந்திய ஆண்டுகளில் ஜப்பானில் செய்த ஹிபாச்சியில் ஏறக்குறைய 80 சதவீதம் ஷிகராக்கியில் வனைந்தது. ஊரே அதில்தான் சாப்பிட்டது. நான் உட்கார்ந்த முக்காலியின் நீலம் அந்த ஹிபாச்சியின் நீலம்தான். அதற்கு நமாகோ பூச்சு என்று பெயர். நமாகோ என்றால் கடல் அட்டை. முதலில் ஒரு பூச்சு, அதன்மேல் வேறொன்று. சூட்டில் இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று வழிந்து, கடல் அட்டையின் தோல் போல நீலத்தில் வெண்புள்ளியும் இழையுமாக நிற்கும்.

1950-களின் நடுவிலிருந்து மண்ணெண்ணெய் அடுப்பும் மின் கணப்பும் வீடுகளுக்குள் வந்தன. சில வருடங்களில் ஹிபாச்சியை வாங்க ஆளில்லை. ஊரில் இருந்ததோ பெரிய சக்கரம், பெரிய சூளை, பெரிய பாண்டம் மட்டுமே தெரிந்த கைகள். இந்த இடத்தில்தான் ஷிகராக்கி சாமர்த்தியமாக ஒன்றைச் செய்தது. கையை மாற்றாமல் பொருளை மாற்றியது. பூந்தொட்டி, குடைத்தொட்டி, கை கழுவும் தொட்டி, தோட்டத்து மேசை ஒன்றுக்கு நாலு முக்காலி, கடைசியில் குளியல் தொட்டி.

இதைப் புத்தகத்தில் படித்திருந்தேன். விளங்கியது ஒரு பட்டறையில்தான்.

நிலையத்திலிருந்து ஏறிப் போகிற சூளைத் தெருவில் ஒரு தகரக் கூரைப் பட்டறை. நண்பர் முன்பே பேசி வைத்திருந்தார். பெரியவருக்கு எழுபத்தைந்து வயது இருக்கும். கழுத்தில் துண்டு. நண்பர் 'சென்செய்' என்று மரியாதையாகக் கூப்பிட்டதும் கையை ஆட்டி மறுத்துவிட்டார். "நான் ஷொக்குனின்" என்றார். தொழிலாளி. பெயர் பொறித்துக் கண்காட்சி வைக்கிறவர்கள் வேறு ஜாதி, நான் நாள் கணக்குக்கு வனைகிறவன் என்று அதற்கு அர்த்தம்.

அன்று அவர் முக்காலி வனைந்துகொண்டிருந்தார். காலையில் சக்கரத்தில் எழுப்பிய கீழ்ப்பாதி, வாய் விளிம்பில் மட்டும் ஈரத்துணி சுற்றி ஒரு பலகைமேல் இருந்தது. இத்தனை உயரத்தை ஒரே மூச்சில் இழுத்தால் அடிப்பகுதி மேல் கனம் தாங்காமல் உட்கார்ந்துவிடும். ஆகவே பாதி எழுப்பி, அரை நாள் விறைக்கவிட்டு, மேற்கொண்டு கட்ட வேண்டும். விறைத்தது சரிதானா என்று பார்க்க அவர் விரலால் அழுத்தவில்லை. முட்டியால் மெல்லத் தட்டிக் காது கொடுத்தார். தேங்காய் வாங்குகிற மாதிரி.

பிறகு மணிக்கட்டுப் பருமனுக்கு ஒரு திரி. பலகையில் உருட்டியதில்லை, மண்ணைக் கையிலே தொங்கவிட்டு, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் தேய்த்துத் தேய்த்தே கீழ்நோக்கி வளர்த்தார். வளர்ந்த திரியைப் பாம்பு போலத் தோளில் போட்டுக்கொண்டார். விளிம்பைச் சீப்பால் கீறி, குழைத்த மண்ணைத் தடவி, திரியின் நுனியை வைத்து, சக்கரத்தைக் காலால் இம்மியளவு நகர்த்தியபடி சுற்றிக்கொண்டே போனார். வெளியே இடதுகை அணை கொடுக்க, உள்ளே வலது கட்டைவிரல் திரியைக் கீழ்நோக்கி இழுத்துத் தேய்த்தது. ஒரு சுற்று முடிந்தபோது எங்கே தொடங்கியது என்று தேடிப் பார்த்தேன். கண்டுபிடிக்க முடியவில்லை.

மூன்று சுற்றுத் திரி ஏறியதும் மோட்டாரைப் போட்டார். தண்ணீரில் நனைத்த துணி ஒன்று, வளைந்த மரத்துண்டு ஒன்று. வேறு கருவி இல்லை. சுவர் மெலிந்து உயர்ந்தது. நடுவே ஒரு மூங்கில் குச்சியை எடுத்து உள்ளே விட்டு அளந்தார். நெட்டுக்குச்சியில் குறுக்கே இன்னொரு குச்சி செருகிய அளவுகோல். ஆழமும் அகலமும் ஒரே தடவையில் தெரிந்துவிடும். பெயர் தொம்போ, தும்பி. பார்த்தால் தும்பி மாதிரியேதான் இருக்கிறது. பத்தில் ஒரு பங்குக்கு மேல் மண் சுருங்கிவிடும் என்பதால், முழங்கால் உயர முக்காலி இப்போது முழங்காலைத் தாண்டி நின்றது.

அதற்குப் பிறகு வந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. வாயை மூட ஆரம்பித்தார். விளிம்பு உள்நோக்கிச் சாய்ந்து சாய்ந்து, தட்டளவு, கிண்ணமளவு, காசளவு, பிறகு ஒன்றுமில்லை. மூடிவிட்டது. இப்போது அது ஒரு பெரிய மண் முட்டை. ஈர மண்ணால் ஆன அத்தனை அகலமான கூரை ஏன் உள்ளே விழவில்லை? நண்பர் கேட்டார். பெரியவர் கன்னத்தை உப்பிக் காட்டினார். காற்று. உள்ளே அடைபட்ட காற்று மேலே தாங்குகிறது. அந்தத் தெம்பில்தான் மரத்துண்டை மேலே வைத்து அழுத்தி, கூரையைச் சமதளமாக, நான் கடை வாசலில் உட்கார்ந்த அந்தத் தளமாக ஆக்கினார். முடிந்ததும் ஓர் ஊசியால் பக்கத்தில் ஒரு துளை. மண் இறுக இறுகக் காற்றுக்கு இடம் போதாமல் விரிசல் விடும் என்பதற்காக. மறுநாள் அந்த இடத்தில்தான் கைத்துளைகளை அறுப்பார். தூக்குவதற்கென்று நான் நினைத்திருந்த துளை, முதலில் சூளையில் வெடிக்காமலிருக்க மூச்சுவிடும் வழி.

"ஹிபாச்சி வனைஞ்சிருக்கீங்களா?" என்று நண்பரை விட்டுக் கேட்டேன்.

இல்லையாம். இவர் வேலைக்குச் சேர்ந்தபோது ஹிபாச்சி முடிந்துபோயிருந்தது. தொழில் சொல்லிக் கொடுத்தவர் அதிலேயே வாழ்ந்தவர். அவர் சொன்னது என்று பெரியவர் சொன்னதை நண்பர் தமிழில் இப்படிச் சொன்னார்: "ஹிபாச்சிக்கு வாயைத் திறந்து வை. பூந்தொட்டிக்கு அடியில ஓட்டை போடு. முக்காலிக்கு வாயை மூடு. மத்ததெல்லாம் ஒண்ணுதான்."

சக்கரத்தை நிறுத்தித் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே, இப்போது பெரும்பாலான முக்காலிகள் அச்சில்தான் வருகின்றன என்றார். அதில் அவருக்கு வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. தன் மகன் நகரத்தில் வேறு வேலை பார்க்கிறான் என்பதையும் அதே குரலில்தான் சொன்னார்.

சூளைகளும் அப்படித்தான். தெருவிலிருந்து பார்த்தால் மலைச்சரிவில் பெரிய புழு ஊர்ந்து ஏறுவது போல நோபோரிகாமா, படிச்சூளைகள். ஒன்றன்மேல் ஒன்றாக அறைகள். அடியறையில் விறகு போட்டால் அந்த வெப்பம் மேலே ஏறி அடுத்த அறையைச் சூடாக்கும். கீழே வெந்ததும் அடுத்த அறையின் பக்கத்துளையில் விறகு போடுவார்கள். தீயை வீணாக்காத கணக்கு. இன்று பெரும்பாலான பட்டறைகள் எரிவாயுவிலும் மின்சாரத்திலும் சுடுகின்றன. ஒரு பழைய சூளையின் ஓரம் காப்பிக் கடை. நானும் அங்கே காப்பி குடித்தேன். முதுகுக்குப் பின்னால் செங்கல் சுவரில் சாம்பல் உருகி வழிந்து பச்சைக் கண்ணாடியாக உறைந்திருந்தது. விறகுச் சாம்பல் பறந்து பாண்டத்தின் மேல் விழுந்து உருகுவதைத்தான் பிடோரோ என்கிறார்கள். கண்ணாடிக்கான போர்த்துக்கீசியச் சொல் அது. பாண்டத்தின்மேல் விழுந்தால் விலை கூடும். சுவரில் விழுந்ததை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை.

மட்பாண்டப் பூங்கா ஒன்று குன்றின்மேல் இருக்கிறது, 1990-ல் திறந்தது. வெளிநாட்டுக் கலைஞர்கள் வந்து தங்கி வேலை செய்கிறார்கள். மேட்டில் நிறைய நடக்க வேண்டும், பாதியில் திரும்பிவிட்டேன்.

அங்கே உட்கார்ந்து மூச்சு வாங்கும்போது நினைவுக்கு வந்தவர் ஓக்காமோட்டோ தாரோ. 1970 ஒசாக்கா கண்காட்சிக்கு 70 மீட்டர் உயரத்தில் சூரிய கோபுரம் எழுப்பியவர். அதன் முதுகில் கறுப்புச் சூரியன் ஒன்று இருக்கிறது. அது ஷிகராக்கி ஓடுகளால் ஆனது. அதற்கு முன்பே, 1963-ல், அவர் மண்ணில் முக்காலிகள் செய்தார். உட்காரும் இடத்தில் தட்டையான தளம் இல்லை. பிதுங்கிய ஒரு முகம். 'உட்காரவிட மறுக்கும் நாற்காலி' என்று பெயர். டோக்கியோவின் ஆவோயாமாவில் அவர் வாழ்ந்த வீட்டை அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். இந்த முக்காலிகளை அங்கே பார்க்கலாம். சொகுசு நாற்காலிகளில் மனிதன் புதைந்துபோகிறான் என்பது அவருடைய கோபம். கோபம் நியாயம்தான். ஆனால் வாசலில் உட்கார்ந்து எழுந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஷொக்குனின் வனைந்த சாதாரண முக்காலியே முதல் ஐந்து நிமிடம் போதுமான அளவுக்கு மறுக்கிறது. அதற்குப் பிறகு இடம் கொடுக்கிறது. கலைஞரின் முக்காலிக்கு அந்த இரண்டாவது குணம் இல்லை.

இரவு ஊரிலேயே தங்கினோம். விடுதியில் குளியலறைத் தொட்டியும் மண்தான். சம்மணம் போட்டு ஒருவர் உட்காரலாம். உள்ளே மழமழப்பு, வெளியே விரல் பட்டால் சொரசொரக்கும் பூச்சில்லாத செம்மண் நிறம். விளிம்பு நம் வீட்டு உரல் போலத் தடித்து உருண்டிருந்தது. இத்தகைய தொட்டிகளை விற்கிறவர்கள் கண்ணுக்குத் தெரியாத கதிர் வருகிறது, ரத்த ஓட்டம் சீராகிறது என்றெல்லாம் எழுதி வைக்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. நான் கண்டது இவ்வளவுதான்: வெந்நீரை ஊற்றியதும் தொட்டி முதலில் சூட்டைத் திருடுகிறது, இன்னும் கொஞ்சம் வெந்நீர், இன்னும் கொஞ்சம் என்று கேட்கிறது. அது திருப்தியானபின் முக்கால் மணி நேரம் தண்ணீர் ஆறவில்லை. முதுகைச் சுவரில் சாய்த்தால் சுவரும் சூடு. நண்பர் கதவைத் தட்டி, "அண்ணே, இருக்கீங்களா?" என்று கேட்கிற வரை கிடந்தேன்.

காலையில் முக்காலியை விலை பேசப் போனேன். கடைக்கார அம்மாள் நேற்றைய ஆளை அடையாளம் கண்டு மறுபடியும் வாயைப் பொத்தினார். விமானத்தில் எப்படிக் கொண்டுபோவீர்கள் என்று அவரே கேட்டுவிட்டு, அவரே தலையை ஆட்டினார். பெட்டியில் எனக்கு அனுமதித்த மொத்த எடையையும் அது ஒன்றே தின்றுவிடும் போலிருந்தது. கடைசியில் அதே நீலத்தில் கொசுவத்தி வைக்கிற ஒரு சின்னச் சட்டி வாங்கினேன். அதைச் செய்தித்தாளில் அவர் சுற்றிய நேர்த்தியில் பதினோரு மணி வண்டியைத் தவறவிட்டோம். அடுத்த வண்டிக்கு ஒரு மணி நேரம். நிலையத்து நடைமேடையில் தனுக்கிகளோடு வரிசையில் நின்றோம்.

கியோட்டோவில் நான் தங்கியிருந்தது ஒரு சந்துக்குள் பழைய மர வீடு. மாலையில் திரும்பியபோது வாசற்படியோரம் இருந்த தொட்டியின் பக்கத்தில் கால் தானாக நின்றது. மூன்று நாளாக அதைத் தாண்டித்தான் போய் வந்திருக்கிறேன். பூந்தொட்டி என்று நினைத்திருந்தேன். கருநீலம், வெள்ளை இழைகள், நடுவில் பருத்த வயிறு. குனிந்து பார்த்தேன். உள்ளே தண்ணீர், பாசி, குளிருக்கு அடியில் ஒதுங்கி அசையாமல் கிடந்த விரல்நுனி அளவு மீன்கள்.

ஹிபாச்சியா என்று வீட்டுக்கார அம்மாளிடம் கேட்டேன். அந்த ஒரு சொல் போதுமாயிருந்தது. ஆமாம் ஆமாம் என்று சொல்லிக்கொண்டே செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டார். இந்தத் தெருவில் இன்னும் மூன்று வீட்டில் இப்படி மீன் வளர்க்கிறார்களாம். விளிம்பில் ஓரிடத்தில் பூச்சு சில்லுச் சில்லாகப் பெயர்ந்து உள்மண் தெரிந்தது. அதைத் தொட்டுக் காட்டி, மாமனார் என்றார். சுங்கானைப் பிடித்துத் தட்டுவது போல அந்த இடத்தில் இரண்டு முறை விரலால் தட்டினார். அடியில் மீன்கள் கலைந்து மறுபடியும் கூடின.